கடையில் கிடைக்காத கழுகு உரு

மூணு வருஷம் இருக்கும். ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு, ரத வீதியில போட்டிருந்த வளையல் கடை, மிட்டாய்க் கடையெல்லாம் பிரிச்சு லாரியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. சங்கரன்கோவில்ல எங்க வீட்டுக்குப் பின்பக்கமே தறிக்கூடம். விசைத்தறி ஓடுற வீட்டுல வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். பொழுது விடிஞ்சதுல இருந்து டடக் டடக்குன்னு ஒரே சத்தம். புருஷன் பொண்டாட்டி ரகசியம் பேசணும்னாக்கூட கத்தித்தான் பேசணும். இந்த வீட்டுக்கு வந்துதான் எனக்கு வாய் பெருசாயிட்டுன்னு நான் சொல்லுவேன். வரும்போதே கொண்டு வந்ததுதான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்.

மாசத்துல ஒரு நாள் மட்டும் அந்தச் சத்தம் அடங்கும். பராமரிப்பு வேலைன்னு காலையில கரண்டை நிறுத்துனாங்கன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலதான் திரும்ப வரும். நெய்யிற ஆளுங்க வீட்டுக்குப் போயிருவாங்க. மத்த வீடுகள்ல அன்னைக்கு ஒட்டடை அடிப்பாங்க, இல்லன்னா தென்காசிப் பக்கம் சொந்தக்காரங்களைப் பாக்கப் போவாங்க. நாங்க மட்டும் தறிக்கூடத்துல ஜமுக்காளத்தை விரிச்சு விளையாட உக்காருவோம். சிரிக்காதீங்க. கல்யாணமான பொம்பளைதான் நான், கணக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர் வேற.

அந்த விளையாட்டைக் கொண்டு வந்தது என் நாத்தனார், எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு இருந்தவ. வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு கம்பெனியில சொன்னதும் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்கே வந்துட்டா. பெட்டிக்குள்ள பட்டுச்சேலையா கொண்டு வந்திருக்கப் போறான்னு பாத்தா, செங்கல் தண்டிக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகமும், கலர் கலரா கண்ணாடி மாதிரி மின்னுற பகடைகளும். தாயக்கட்டை பாத்திருக்கேன். இருபது முகம் உள்ள பகடையை அன்னைக்குத்தான் பாத்தேன்.

விளையாட்டு இதுதான். ஒருத்தி கதை சொல்லுவா, எங்களுக்கு அது நாத்தனார்தான். மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரம். "முன்னாடி ஒரு குகை இருக்கு, என்ன செய்யப் போறீங்க?"ன்னு கேப்பா. நாம செய்யப் போறதைச் சொல்லிட்டுப் பகடையை உருட்டணும். நல்ல எண் விழுந்தா நினைச்சது நடக்கும், மோசமா விழுந்தா அடி வாங்கணும், உயிரும் போகலாம். பூதம், ராட்சசப் பூச்சி, பேசுற பாம்புன்னு எதிரிகளெல்லாம் அந்தத் தடிப் புத்தகத்துக்குள்ள படத்தோட இருக்கும். கதை சொல்லுறவதான் அதுகளுக்கும் வாய். அவ வாயில கிழவனும் வருவான், கொள்ளைக்காரனும் வருவான், கோவிச்சுக்கிட்ட ராணியும் வருவா. ஒரு தடவை நொண்டிக் கழுதையா அவ பேசினப்ப எங்க வீட்டுக்காரர் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துட்டு.

நான் கோடாலி வச்சுக்கிட்டு முதல் ஆளாப் பாயுற சண்டைக்காரி. எங்க வீட்டுக்காரர் மந்திரவாதி. மனுஷன் நூல் வாங்குறப்ப யோசிக்கிற மாதிரி ஒவ்வொரு மந்திரத்துக்கும் யோசிப்பார், கடைசியில எடுக்கவே மாட்டார். இளையரசனேந்தல்ல எங்கப்பா கூட வெள்ளாமை பாக்குற என் தம்பிக்கு வில்லு. எங்க பக்கம் கரண்டு நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், பைக்கை எடுத்துக்கிட்டு வந்துருவான். அக்கா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு அம்பு விடுறதுதான் அவன் வீரம்.

அப்ப நான் மாசமா இருந்தேன். ரொம்ப நாள் காத்திருந்து தங்கின பிள்ளை. எங்க அத்தை, அதாவது மாமியார், என்னைத் தரையில கால் வைக்க விடாத குறைதான். அடுத்த தெருவுல ஒருத்தர் இறந்து துட்டி வீடு. சங்குச் சத்தம் என் காதுல விழக்கூடாதுன்னு ஜன்னலையெல்லாம் அடைச்சு, டிவியைச் சத்தமா வச்சு, என்னை உள் ரூமுல உக்கார வச்சுட்டாங்க. மாசமா இருக்கவ காதுல நல்ல சொல்லுதான் விழணும்னு இங்கன உள்ள நம்பிக்கை. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை கிடையாது. ஆனா ஒருத்தங்க நம்மை அப்படித் தாங்குறது சுகமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்லா.

அந்த மாசக் கதை மழை தண்ணி இல்லாத கரிசக்காட்டுல நடந்துச்சு. வழிப்பறிக் கூட்டத்தைத் துரத்திக்கிட்டுப் போறோம். மேல வானத்துல ஒரு நிழல். புத்தகத்தைத் திருப்பி எங்களுக்குப் படத்தைக் காட்டினா நாத்தனார். ராட்சசப் பிணந்தின்னிக் கழுகு. ஆளை விட ஒசரம், மொட்டைத் தலை, சுருங்கின கழுத்து. நாத்தம் ரெண்டு வயக்காடு தாண்டி வருமாம். "இது சண்டைக்கே வராது மைனி. நிக்கிற ஆளைத் தொடாது. எவன் விழுறான்னு மேல சுத்திக்கிட்டே பாக்கும். விழுந்தா இறங்கிரும்"னா. மைனின்னுதான் அண்ணன் பொண்டாட்டியை இங்க கூப்பிடுறது.

"அப்ப விழாம இருந்தா போச்சு"ன்னு சொல்லிட்டு நான் கோடாலியைத் தூக்கிக்கிட்டுப் பாஞ்சேன். பொறு பொறுன்னு மத்த ரெண்டு பேரும் கத்துறாங்க. நான் எங்க கேட்டேன்? கொள்ளைக்காரன் வெட்டினதுல சாஞ்சுட்டேன். தம்பி ஓடிட்டான். மந்திரத்தைப் போட்டு என்னை எழுப்புங்கன்னா, "இதை விடப் பெரிய ஆபத்து வந்தா வேணும்லா"ங்கிறார் எங்க வீட்டுக்காரர். பொண்டாட்டி சாகுறதை விடப் பெரிய ஆபத்து என்னன்னு அவர் தலையில ஒரு கொட்டு வச்சேன். விழுந்தவளுக்கு உயிர் நிக்குதா போகுதான்னு விழுந்தவளேதான் பகடையை உருட்டிப் பாக்கணும். உருட்டினேன். மோசம். திரும்ப உருட்டினேன். அதை விட மோசம்.

நாத்தனார் எந்திரிச்சா. கறுப்புத் துப்பட்டாவை ரெண்டு கையிலயும் விரிச்சுக்கிட்டு, கழுத்தை முன்னாடி நீட்டி, தறிகளுக்கு நடுவுல தத்தித் தத்திச் சுத்தி வந்தா. பாக்க அப்படியே கழுகு. நாங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கோம். நான் என் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். "மைனி முடிஞ்சாங்க! இனி மைனிதான் எனக்கு விருந்து! கண்ணுல இருந்து ஆரம்பிக்கட்டா, வயித்துல இருந்து ஆரம்பிக்கட்டா?"ன்னு தொண்டையைக் கரகரன்னு வச்சுக்கிட்டு அவ கேக்கவும், அவிச்ச நிலக்கடலையோட அத்தை உள்ள வரவும் சரியா இருந்துச்சு.

அத்தை தட்டைக் கீழ வச்சாங்க. "ஏட்டி, மாசமா இருக்கவளைப் பாத்துப் பேசுற பேச்சாட்டி இது? வாயைக் கழுவு போ."

"ஐயோ அம்மா, செத்தது மைனி இல்ல, மைனியோட கோடாலிக்காரி. அடுத்த மாசம் வேற ஆளா வந்துருவாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா அவ. அத்தை சிரிக்கல. உப்பும் மிளகாயும் கொண்டு வந்து என் தலையைச் சுத்தி அடுப்புல போட்டாங்க. நெடி ஒண்ணும் வரல, கண்ணு பட்டிருக்கு பாத்தியான்னு என்கிட்ட சொன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நானும் நாத்தனாரும் ஒருத்தரையொருத்தர் பாக்கும்போதெல்லாம் சிரிச்சோம்.

அந்தப் பிள்ளை தங்கல. விளையாடி கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். காலையில எந்திரிக்கும்போதே வலி, அப்புறம் உதிரப்போக்கு. கார் பிடிச்சுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. டாக்டரம்மா நல்ல மாதிரி. என் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து, கரு ஆரம்பத்துல இருந்தே சரியா வளரல, இது நிறையப் பேருக்கு நடக்கிறதுதான், நீ படி ஏறினதாலயோ பயந்ததாலயோ வந்தது கிடையாதுன்னு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. அந்த நேரத்துல நாத்தனாரும் அங்கனதான் கதவுகிட்ட நின்னா. அதுக்கப்புறம் உள்ள வரவே இல்ல. வராந்தாவுலயே இருந்தா.

வீட்டுக்கு வந்து படுத்திருக்கேன். அடுப்படியில அத்தை மககிட்ட பேசுறது கேட்டுச்சு. கத்தல, திட்டல. "நான் அன்னைக்கே சொன்னேன்லா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவங்களும் பேரப்பிள்ளைக்காக எத்தனை கோயில்ல விளக்குப் போட்டவங்க, அந்த வயிறு எரியாதா? பாத்திரம் விளக்குற சத்தம் மட்டும் வந்துச்சு.

அதுக்கப்புறம் நாத்தனார் வேற ஆளாயிட்டா. என் துணியைத் துவைச்சுப் போடுவா, கஞ்சியைக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருவா. நின்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் ஏதாவது கேட்டா உம், ஆமாங்கிறதோட சரி. மாடியில கம்ப்யூட்டர் முன்னாடியே கிடப்பா. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. பிள்ளையைப் பறிகொடுத்தவ நான், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கது இவளான்னு. உடம்பு தேறுற வரைக்கும் நானும் பேசல.

கார்த்திகை மாசம் அத்தை என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எங்க ஊர்க் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. வீட்டுல பாம்பு நடமாட்டம் இருந்தாலோ, தேள் பூரான் தொந்தரவு இருந்தாலோ, அந்த உருவத்தைத் தகட்டுல வாங்கி உண்டியல்ல போட்டுருவாங்க. போட்டா அதால வர்ற கஷ்டம் தீரும்பாங்க. கண்ணு வலின்னா கண், காலு வலின்னா கால். கோயில் வாசல் கடைகள்ல இதெல்லாம் தட்டுல குவிச்சு வச்சிருப்பாங்க. அத்தை ஒரு தொட்டில் உரு வாங்கலாம்னு ஒரு கடையில நின்னாங்க.

கடைக்கார அக்கா என்னைப் பாத்துட்டு, "உங்க வீட்டுப் பொண்ணு கேட்டுச்சே, கழுகு உரு, கிடைச்சுட்டா?"ன்னுச்சு. எனக்குப் புரியல. "அதான், கண்ணாடி போட்ட பிள்ளை. எல்லாக் கடையிலயும் ஏறி இறங்குச்சு. பாம்பு இருக்கு, தேளு இருக்கு, பல்லி இருக்கு. கழுகுக்கு நான் எங்க போவேன்? கழுகு யாரைம்மா கடிச்சுச்சுன்னு கேட்டேன், பிள்ளை ஒண்ணும் சொல்லாமப் போயிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சத்தியமா சொல்லுதேன், ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு முதல் தடவையா வாய் விட்டுச் சிரிச்சேன். சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாத்தவ, அத்தை சுத்திப் போட்டதுக்குச் சிரிச்சவ, கடை கடையா ஏறிக் கழுகு உரு கேட்டிருக்கா! சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே அழுதுட்டேன். அத்தைக்கும் விஷயம் புரிஞ்சுபோச்சு. கையில எடுத்த தொட்டிலைத் தட்டுலயே வச்சுட்டு, அவங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. வீட்டு வாசல்ல வச்சு, "நான் வேணும்னு சொல்லலட்டி, வாய் தவறி வந்துட்டு"ன்னாங்க. என்கிட்ட சொல்லி என்ன செய்ய? மககிட்டயும் போய்ச் சொன்னாங்க. அவ தலையை ஆட்டினாளாம், அவ்வளவுதான்.

அன்னைக்கே மாடிக்குப் போய் அவ காதுல மாட்டியிருந்த ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு நேராக் கேட்டேன். "ஏட்டி, கழுகு உரு கிடைச்சுதா?"

முகம் செத்துப்போச்சு அவளுக்கு. "கிடைக்கல மைனி. சேவல் உரு ஒண்ணு இருந்துச்சு. அதை வாங்கி, கத்தரிக்கோலை வச்சுக் கொண்டையை வெட்டிட்டேன். வாலையும் வெட்டினேன். கொண்டை இல்லன்னா மொட்டைத் தலையா ஆயிரும்லா. அதைத்தான் போட்டேன்"னா. இதைச் சொல்லும்போது அவ முகத்துல ஒரு துளி விளையாட்டு இல்ல. சேவலைக் கழுகாக்கின கதையைக் கேட்டு நான் சிரிக்கவும் முடியாம நிக்கேன்.

அன்னைக்கு எம்புட்டுப் பேசினேன்! டாக்டரம்மா சொன்னதை நீயும்தானட்டி கேட்ட? பகடையை உருட்டினது நானு. பொறுன்னு சொல்லியும் பாஞ்சது நானு. உங்க அண்ணன் மந்திரத்தை எடுக்கல, அவரைப் பிடிச்சு ஜெயில்ல போடுவோமா? வார்த்தைக்கு அந்தச் சக்தி இருந்தா, நான் பரீட்சை நேரத்துல பிள்ளைகளைத் திட்டுற திட்டுக்கு ஒண்ணும் உருப்பட்டிருக்காதே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. "எனக்கும் தெரியும் மைனி. தெரிஞ்சா மட்டும் போதுமா? வயித்துல இருந்து ஆரம்பிக்கட்டான்னு கேட்டேனே. அதை நான்தான கேட்டேன்?"னு சொன்னா.

அதோட கீழ இறங்கி வந்துட்டேன். பெரிய வாய்க்காரி நான்.

அதுக்காக விட்டுருவேனா? கணக்கு டீச்சர் புத்தி இருக்கே. ஒரு பிள்ளை ஒரு கணக்குல தப்பு விட்டுட்டுப் பயந்துபோச்சுன்னா, அதே கணக்கைத் திரும்பப் போட வைப்பேன். சரியா வந்ததும் பயம் போயிரும். அதே மாதிரி இவளையும் திரும்ப விளையாட வச்சா எல்லாம் சரியாயிரும்னு நினைச்சேன். பொங்கல் கழிஞ்சு கரண்டு நின்ன அன்னைக்கு, நானே ஜமுக்காளத்தை விரிச்சு, நானே தம்பிக்குப் போன் போட்டு வரவழைச்சு, அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்சேன்.

விளையாடினோம். கதை சொன்னா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா போகப்போக ஒண்ணு தெரிஞ்சுது. எங்களுக்கு ஒண்ணுமே ஆக மாட்டேங்குது. கொள்ளைக்காரன் வாளை ஓங்கினா கால் தடுக்கி அவனே விழுந்துருதான். பாம்பு தூங்குது. பூதம் வந்து வழி கேட்டுட்டுப் போகுது. கதை சொல்லுறவ உருட்டுற பகடையை நாங்க பாக்க முடியாது. ஒரு கல்யாணப் பத்திரிகையை நிமித்தி வச்சு அதுக்குப் பின்னாடிதான் உருட்டுவா. அங்க என்ன எண் விழுந்தாலும் எங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லுதான்னு புரிஞ்சுபோச்சு. முன்னாடியெல்லாம் "பொய் சொல்லுதியாட்டி"ன்னு அவ அண்ணன் சீண்டினாப் போதும், ரோஷம் பொத்துக்கிட்டு வந்து பத்திரிகையைத் தூக்கிக் காட்டிருவா. இப்ப அவர் கேட்டா பகடையை அள்ளி மூடிக்கிட்டா.

"இது சண்டையா, கல்யாண வரவேற்பா? வர்றவனெல்லாம் கும்பிடு போட்டுட்டுப் போறான்"னு எங்க வீட்டுக்காரர் முணங்கினார். அடுத்த மாசம் தம்பிக்கு உளுந்தம்பயறு பறிக்கிற வேலை வந்துட்டு. அதுக்கு அடுத்த மாசம் வேற வேலை. சாகப் பயமில்லாத சண்டையில என்ன சுவாரசியம் இருக்கு? யாரையும் குத்தம் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமா அந்த ஜமுக்காளம் விரிக்கிறதே நின்னுபோச்சு.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை கோயம்புத்தூர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கரண்டு நிக்குற நாள் வந்துச்சு. இதை விட்டா இனிமே இவ கிடைக்க மாட்டான்னு எனக்கு ஒரு வேகம். எல்லாரையும் உக்கார வச்சேன். "இன்னைக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தக் கழுகு வரணும்"னேன்.

"அக்கா, வேண்டாம்க்கா"ன்னான் தம்பி. எங்க வீட்டுக்காரர் என் கையை அழுத்தினார். நான் பிடிச்ச பிடியில நின்னேன். அவ எதிர்த்துப் பேசல. கரிசக்காடு, வெயில், மேல வட்டம் போடுற நிழல்னு மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சா. குரல்ல உயிரே இல்ல. கொள்ளைக்காரன் வர வேண்டாம், நானே விழுந்துட்டேன்னு சொன்னேன். "விழுந்துட்டேன்ட்டி. கீழ கிடக்கேன். இறக்கு அதை."

"சுத்துது மைனி."

"இறக்கு."

"அதுக்குப் பசியில்ல மைனி. திரும்பிப் போகுது."

"போகக்கூடாது. என்னைக் கொல்லு. கொன்னாத்தான் அடுத்த வாரம் உன் கல்யாணத்துல நான் முழுசா உயிரோட நிக்கதை நீ பாப்ப. கொல்லுட்டி!" எனக்குக் குரல் உடைஞ்சு போச்சு. கோவமா அழுகையான்னு எனக்கே தெரியல. என் பகடையை எடுத்து நானே உருட்டினேன். அது நிக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் போட்டு அதை மூடிட்டா. கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டா. "நான் பாக்கல மைனி. நான் பாக்கல. நான் ஒண்ணும் சொல்லல"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னா. எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்து தங்கச்சி தலையைத் தன் மேல சாச்சுக்கிட்டு என்னைப் பாத்தார். கொஞ்ச நேரத்துல கரண்டு வந்துட்டு, நெய்யிற ஆளுங்க வந்துட்டாங்க, தறியை ஓட்டிவிட்டாங்க. அதுக்கு மேல அங்க யார் பேசினாலும் யாருக்கும் கேக்காது. ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கிட்டு உள்ள போனோம்.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். போன்ல அடிக்கடி பேசுவா, குழம்புக்கு என்ன போடணும்னு கேப்பா. அந்த விளையாட்டைப் பத்தி மட்டும் நாங்க பேசுறதே இல்ல.

போன வருஷம் எனக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. பேர் வைக்கிற அன்னைக்கு வீடு நிறையச் சொந்தம். பிள்ளை காதுல முதல் முதலாப் பேரைச் சொல்லுறது எங்க வழக்கத்துல அத்தைக்காரிதான். அப்பனோட கூடப் பிறந்தவளுக்கு உள்ள உரிமை அது. வேற யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டாங்க, அதுக்காகச் சண்டை போட்ட குடும்பமெல்லாம் உண்டு. அவளும் கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்தா. பிள்ளைக்குத் தங்கத்துல காப்பு, கால்ல கொலுசு, எல்லாம் அவ செலவுதான். பிள்ளையை அவ மடியில வச்சோம். எல்லாரும் பேச்சை நிறுத்திட்டுப் பாக்காங்க. அவ குனிஞ்சா. பிள்ளை காதுகிட்ட வாயைக் கொண்டு போனா. அப்படியே இருந்தா.

சத்தம் வரல. என் மாமியார் பக்கத்துல உக்காந்து, "சொல்லும்மா, நீதான் சொல்லணும், உன் வாயால சொல்லு"ன்னு கெஞ்சுதாங்க. சொல்லும்போதே அவங்களுக்குக் கண்ணுல தண்ணி. அவ நிமிந்து, பிள்ளையை அம்மா மடிக்கு மாத்தினா. "நீ சொல்லும்மா. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு." சொந்தக்காரங்க நம்பிட்டாங்க. சுக்குக் காப்பி போட்டுக் கொடுங்கன்னு ஒரு பெரியம்மா சத்தம் போட்டாங்க. பேரை என் மாமியார்தான் சொன்னாங்க.

ஊருக்குக் கிளம்பும்போது அடுப்படியில வச்சு நான் ஒண்ணும் கேக்கல. அவளாத்தான் சொன்னா. "அவ நல்லா இருக்கட்டும் மைனி." பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மாப்பிள்ளை கூப்பிட்டார், போயிட்டா.

இப்ப என் மக எட்டு வச்சு நடக்கா. போன் அடிச்சாப் போதும், அத்தை அத்தைன்னு ஓடி வந்து பிடுங்குவா. அந்தப் பக்கம் இருந்து கொஞ்சல் தாங்காது. ஆனா இன்னைக்கு வரைக்கும் பாப்பான்னுதான் கூப்பிடுதா, பேரைச் சொன்னதே இல்ல. நான் அதைக் கேக்கும்போதெல்லாம் ஒண்ணு தோணும். அந்தப் பிள்ளை போனது அவ சொல்லால இல்லன்னு காட்டுறதுக்கு நான் எவ்வளவு வாதாடினேன், கடைசியில அந்தக் கழுகையே திரும்பக் கூப்பிட்டு அவளை நடுங்க வச்சேன். போனது அவளுக்கும் அண்ணன் பிள்ளைதானன்னு அவ பக்கத்துல உக்காந்து அவளைக் கட்டிப் பிடிச்சு ஒரு நாள் அழுதிருக்கலாம். நாங்க ரெண்டு பேரும் அந்தப் பிள்ளைக்காகச் சேந்து அழவே இல்லங்கிறதுதான் இன்னைக்கும் என் நெஞ்சுல கிடந்து உறுத்துது.